கலங்கல் நீருக்குள் ஒரு காது

ஹூக்ளி நதியின் அடியைப் படம் பிடிக்கும் கருவியும், அதற்கேற்ற மோட்டாரும்

ஹவுராவிலிருந்து பாபு காட்டுக்கும் ஃபேர்லி காட்டுக்கும் படகேறி ஆபீஸ் போகும் தமிழர்கள் பலர். தினமும் இரண்டு வேளை ஹூக்ளியைக் கடக்கிறார்கள். சில நிமிஷப் பிரயாணம்தான். ஆடிப் பெருக்கின்போது காவிரியில் ஓடுகிற அதே செந்நிறக் குழம்புதான் இங்கு வருஷம் முழுவதும் ஓடுகிறது. முழங்கை வரை கையை விட்டால் விரல் தெரியாது.

அந்தக் குழம்புக்குக் கீழே என்ன இருக்கிறது? மணல் மேடா, பள்ளமா, மூழ்கிய படகா, அறுந்து போன நங்கூரச் சங்கிலியா? படகில் நிற்பவருக்கு அது தெரிய வேண்டியதில்லை. ஆனால் கடலிலிருந்து சரக்குக் கப்பலை ஏற்றிக் கொண்டு வரும் பைலட்டுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். தெரியாவிட்டால் கப்பல் தரை தட்டும். தட்டிய கப்பலை ஆற்றின் வேகம் பக்கவாட்டில் உருட்டிவிடும்.

கண்ணால் பார்க்க முடியாத இடத்தைக் காதால் பார்க்கும் வழி ஒன்று உண்டு. அதற்குப் பெயர் சோனார். அதிலும் பக்கவாட்டில் பார்க்கும் சோனார் இன்று சிறு படகுகளிலும் பொருத்துகிற அளவுக்குச் சின்னதாகி விட்டது. ஆனால் கருவியை வாங்கிப் பொருத்தினால் மட்டும் போதாது. அதைச் சுமக்கும் படகும், படகைத் தள்ளும் மோட்டாரும் அதற்குத் தோதாக இல்லாவிட்டால் அந்தக் காது செவிடாகிவிடும். இது சின்னப் படகுக்கும் பொருந்தும், பெரிய கப்பலுக்கும் பொருந்தும்.

கப்பலை விழுங்கிய மணல் மேடு

கொல்கத்தா, இந்தியாவின் பெரிய துறைமுகங்களில் ஆற்றின் மேல் அமைந்த ஒரே துறைமுகம். 1870-ல் கல்கத்தா போர்ட் டிரஸ்ட் ஏற்பட்டது. கிதிர்பூர் டாக் 1892-ல் திறக்கப்பட்டது. 2020-ல் துறைமுகத்துக்கு சியாமா பிரசாத் முகர்ஜி துறைமுகம் என்று பெயர் மாறியது. வங்காள விரிகுடாவிலிருந்து கிதிர்பூருக்கு வரும் கப்பல், பைலட்டின் துணையோடு இருநூறு கிலோ மீட்டருக்கு மேல் பிரயாணம் செய்ய வேண்டும். சென்னையிலிருந்து விழுப்புரம் போவதைவிட அதிக தூரம். அத்தனையும் வளைவு, திருப்பம், மணல் திட்டு.

அந்தத் திட்டுகளில் பெயர் பெற்றது 'ஜேம்ஸ் அண்ட் மேரி'. தாமோதர் நதியும் ரூப்நாராயண் நதியும் ஹூக்ளியோடு கலக்கிற பகுதியில் இருக்கிறது. 1694-ல் 'ராயல் ஜேம்ஸ் அண்ட் மேரி' என்ற கப்பல் அங்கே சிக்கி மூழ்கியது. கப்பல் போய்விட்டது, அதன் பெயர் மணல் மேட்டுக்கு ஒட்டிக் கொண்டது. முன்னூறு வருஷங்களுக்கு மேலாகியும் பைலட்டுகள் அந்தப் பெயரை மறக்கவில்லை.

ஹூக்ளியின் சங்கடம் என்னவென்றால், அதன் அடித்தரை ஓரிடத்தில் நிலையாக இருப்பதில்லை. மேலேயிருந்து வரும் நீர் வண்டலைச் சுமந்து வருகிறது. கீழேயிருந்து கடலின் ஏற்றம் வேறு வண்டலைத் தள்ளிக் கொண்டு வருகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் 'பான்' என்று வங்காளிகள் சொல்லும் நீர்ச்சுவர் ஒன்று ஆற்றில் எதிர்த்து ஏறி வருவதைக் கரையோரம் வசிப்பவர்கள் பார்த்திருப்பார்கள். இரண்டு பக்கத்து வண்டலும் சந்திக்கும் இடத்தில் மேடு உருவாகிறது. போன மழைக்கு முன் ஆழமாக இருந்த இடம் இந்த மழைக்குப் பின் மேடாக இருக்கலாம்.

இந்த வண்டலை அடித்துச் செல்லத்தான் ஃபராக்கா அணை கட்டப்பட்டது. 1975-ல் அது செயல்படத் தொடங்கியது. கங்கை நீரில் வினாடிக்கு 40,000 கன அடி வரை ஏறக்குறைய 38 கிலோ மீட்டர் நீளமுள்ள கால்வாய் வழியாகத் திருப்பி, பாகீரதியில் விட்டு ஹூக்ளிக்கு உயிரூட்டுவது அதன் நோக்கம். 1977-ல் கடலுக்கு அருகே ஹால்தியா டாக் வந்தது. இத்தனைக்குப் பிறகும் வண்டலை வாருவதும், ஆழத்தை அளப்பதும் நிற்கவில்லை. இந்தத் துறைமுகத்துக்கு அது வைத்தியம் அல்ல, தினசரி ஆகாரம்.

ஈயக் குண்டும் கயிறும்

முன் காலத்தில் ஆழம் பார்த்தது ஈயக் குண்டால்தான். கயிற்றின் நுனியில் குண்டைக் கட்டி எறிவார்கள். குண்டு தரையைத் தொட்டதும் கயிற்றிலுள்ள அடையாளத்தைப் பார்த்து உரக்கக் கூவுவார்கள். குண்டின் அடியில் ஒரு சிறு குழி. அதில் கொழுப்பைத் தடவி வைத்திருப்பார்கள். மேலே இழுத்ததும் கொழுப்பில் ஒட்டியிருப்பது மணலா, சேறா, சிப்பியா என்று பார்த்து அடித்தரையின் குணத்தையும் தெரிந்து கொள்வார்கள்.

நம் கடற்கரை மீனவர்கள் ஆழத்தைப் 'பாகம்' என்று சொல்வார்கள். இரண்டு கைகளையும் விரித்தால் வருகிற அளவு, சுமார் ஆறு அடி. வங்காளத்தில் அதே அளவுக்கு 'பாவ்' என்று பெயர். ஸ்டீமரில் குண்டு போட்ட கலாசிகள் இத்தனை பாவ் என்று ராகம் போட்டுக் கூவியது தாகூரின் 'சுட்டி' என்ற சிறுகதையில் வருகிறது. ஊர் விட்டு கல்கத்தாவுக்கு வந்த சிறுவன் ஒருவன் ஜுர வேகத்தில் அந்தக் கூவலைத்தான் பிதற்றுகிறான். அமெரிக்காவில் மிஸிஸிப்பி நதியில் இரண்டு பாகம் ஆழத்தைக் குறிக்கக் கூவிய சொல்லே 'மார்க் ட்வைன்'. ஸ்டீமர் பைலட்டாக இருந்த எழுத்தாளர் அதையே தம் புனைபெயராக வைத்துக் கொண்டார்.

ஈயக் குண்டு பொய் சொல்லாது. ஆனால் அது தொட்ட இடத்தை மட்டுமே சொல்லும். பத்து அடி தள்ளி ஒரு கப்பலே மூழ்கிக் கிடந்தாலும் அதற்குத் தெரியாது.

சத்தம் தந்த கண்

1912 ஏப்ரலில் 'டைட்டானிக்' பனிப்பாறையில் மோதி மூழ்கியது. இருட்டில் தடையைக் கண்டுபிடிக்க வழி உண்டா என்று பல நாடுகளில் யோசிக்கத் தொடங்கினார்கள். நீரில் எழுப்பிய சத்தம் எதிரொலித்துத் திரும்பும் நேரத்தை வைத்து தூரத்தைக் கணக்கிடும் முறைக்கு ஜெர்மனியில் அலெக்ஸாண்டர் பேம் 1913-ல் காப்புரிமை பெற்றார். 1914-ல் ஃபெஸ்ஸென்டன் என்பவர் பனிப்பாறையிலிருந்து எதிரொலி வாங்கிக் காட்டினார். முதல் உலக யுத்தத்தின்போது பிரான்ஸில் லாஞ்செவின், குவார்ட்ஸ் கல்லைக் கொண்டு காதுக்குக் கேட்காத மிக நுண்ணிய ஒலியை நீருக்குள் அனுப்பினார்.

இந்த ஒலி விஞ்ஞானத்துக்குக் கொல்கத்தாவோடும் தமிழர்களோடும் ஓர் உறவு உண்டு. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1907-ல் நிதி இலாகாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாகக் கல்கத்தாவுக்கு வந்தார். பகலில் கணக்கு, காலையிலும் மாலையிலும் பௌபஜார் தெருவிலுள்ள விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தில் ஆராய்ச்சி. வயலினும் மிருதங்கமும் எப்படி ஒலிக்கின்றன என்பதை அவர் அங்கே ஆராய்ந்தார். 1930-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது ஒளியைப் பற்றிய ஆராய்ச்சிக்காக. ஆனால் ஒலியை அவர் விட்டுவிடவில்லை. பெங்களூர் சென்ற பிறகு நாகேந்திர நாத்துடன் சேர்ந்து, நுண்ணொலி பாயும் திரவத்தில் ஒளி எப்படிச் சிதறுகிறது என்பதை 1935, 36-ல் விளக்கினார். அது ராமன்-நாத் தத்துவம் என்று உலகெங்கும் வழங்குகிறது.

எதிரொலிக் கணக்கு சுலபமானது. நீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகிறது. காற்றில் போவதைப் போல் நான்கு மடங்குக்கு மேல். படகின் அடியிலிருந்து கீழே அனுப்பிய ஒலி, வினாடியில் ஆயிரத்தில் 12 பங்கு நேரத்தில் திரும்பி வந்தால், போக வர 18 மீட்டர். ஆழம் 9 மீட்டர். ஈயக் குண்டை ஒரு முறை போட்டு எடுக்கும் நேரத்தில் இந்தக் கருவி நூற்றுக் கணக்கான இடங்களை அளந்துவிடும்.

பக்கவாட்டில் பார்ப்பது எப்படி?

நேர் கீழே மட்டும் பார்த்தால் ஒரு கோடுதான் கிடைக்கும். ஆற்றின் அடி முழுவதும் தெரிய வேண்டுமானால் ஒலியை வலப்புறமும் இடப்புறமும் சாய்வாக விசிறி போல வீச வேண்டும். இதுதான் பக்க சோனார்.

இதன் ரகசியம் நிழலில் இருக்கிறது. உச்சி வெயிலில் உழுத வயலைப் பார்த்தால் வெறும் மண்ணாகத் தெரியும். அதே வயலைச் சாயங்கால வெயிலில் பார்த்தால் ஒவ்வொரு சாலும் நிழலோடு தனித்தனியாகத் தெரியும். பக்க சோனாரின் ஒலி அப்படித்தான் சாய்ந்து விழுகிறது. இரும்பும் பாறையும் பலமாக எதிரொலிக்கும். சேறு மெதுவாக எதிரொலிக்கும். மேடான பொருளுக்குப் பின்னால் ஒலி எட்டாத பகுதி திரையில் கறுப்பு நிழலாக விழும். நிபுணர்கள் பொருளைவிட நிழலைத்தான் முதலில் பார்க்கிறார்கள். சைக்கிளின் நிழல் சைக்கிளாகவும், ஏணியின் நிழல் ஏணியாகவும் இருக்கும்.

நிழலிலிருந்து உயரத்தையும் கணக்கிடலாம். கருவி அடித்தரையிலிருந்து 6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நிழலின் கடைசி முனை கருவியிலிருந்து 30 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. நிழலின் நீளம் 10 மீட்டர் என்றால், பொருளின் உயரம் 10 பெருக்கல் 6 வகுத்தல் 30. அதாவது 2 மீட்டர். பள்ளிக்கூடத்தில் படித்த ஒத்த முக்கோணக் கணக்குதான்.

ஒலியின் அதிர்வு எண் கூடினால் படம் தெளிவாகும், எட்டும் தூரம் குறையும். எண் குறைந்தால் தூரம் கூடும், தெளிவு போகும். 100 கிலோ ஹெர்ட்ஸ் கருவி நூற்றுக்கணக்கான மீட்டர் தூரம் பார்க்கும். மீன்பிடி படகுகளில் பரவலாக உள்ள 455, 800 கிலோ ஹெர்ட்ஸ் கருவிகள் அவ்வளவு தூரம் எட்டா. ஆனால் மரக்கிளையைக்கூட மரக்கிளையாகக் காட்டும். ஆறு குளங்களுக்கு இவையே போதும்.

1967-ல் இங்கிலாந்துக் கரையில், 16-ம் நூற்றாண்டில் மூழ்கிய 'மேரி ரோஸ்' போர்க் கப்பலைத் தேடியபோது அமெரிக்கப் பேராசிரியர் ஹரால்டு எட்ஜர்டனின் பக்க சோனார் உதவியது. 1985-ல் 'டைட்டானிக்'கைத் தேடிய பிரெஞ்சு, அமெரிக்கக் குழுவினரும் பக்க சோனாரோடுதான் போனார்கள்.

மோட்டாரில்தான் சூட்சுமம்

இனி படகுக்கு வருவோம். சோனார் என்பது காது. காதுக்குப் பக்கத்தில் தவில் அடித்தால் எதிரே பேசுவது கேட்காது. படகின் மோட்டார் அந்தத் தவில்தான்.

மோட்டார் மூன்று விதங்களில் தொல்லை தரும். ஒன்று, இஞ்சினின் அதிர்வு படகின் உடல் வழியாகக் கருவிக்கு வந்து சேரும். இரண்டு, விசிறி சுழலும்போது எழும் காற்றுக் குமிழிகள். ஒலிக்குக் குமிழி என்பது சுவர் மாதிரி, தாண்டிப் போகாது. மூன்று, மின்சாரத் தொல்லை. இஞ்சினின் தீப்பொறியும் மின் மோட்டாரின் கம்பிகளும் கருவியின் கம்பிக்குள் இரைச்சலைப் புகுத்தித் திரையில் புள்ளி மழை பெய்ய வைக்கும்.

ஹூக்ளியிலும் சுந்தரவனத்திலும் ஓடும் 'பட்பட்டி' படகுகளை எல்லோரும் அறிவார்கள். நாட்டுப் படகில் டீசல் இஞ்சினைப் பூட்டியது. அதன் சத்தமே அதற்குப் பெயராகிவிட்டது. ஆள் ஏற்றவும் காய்கறி ஏற்றவும் ஏழைகளுக்கு அது பெரிய வரப்பிரசாதம். ஆனால் சோனாருக்கு அதைவிட மோசமான வாகனம் கிடையாது. அத்தகைய படகுதான் கைவசம் என்றால், கருவியைப் பின்புறம் வைக்காமல், முன் பகுதியில் பக்கவாட்டுக் கம்பத்தில் கட்டித் தொங்கவிடுவதே ஒரே வழி. இஞ்சினுக்கும் கருவிக்கும் நடுவே எவ்வளவு தூரம் உண்டோ அவ்வளவு நல்லது.

இந்த வேலைக்குப் பலர் விரும்புவது பான்டூன் படகு. பான்டூன் என்றால் மிதவை. கொல்கத்தாவாசிகளுக்கு அது புதிதல்ல. 1874 முதல், 1943-ல் இன்றைய இரும்புப் பாலம் வரும் வரை, ஹவுராவையும் கல்கத்தாவையும் இணைத்தது மிதவைகளின் மேல் கட்டிய பாலம்தான். இன்றும் படித்துறைகளில் ஏறி இறங்கும் தளங்கள் மிதவைகளே. இரண்டு நீள மிதவை உருளைகளின் மேல் தட்டையான பலகை போட்டால் பான்டூன் படகு. அகலமானது, எளிதில் ஆடாது, திரை, பாட்டரி, ஆட்கள் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. படகு ஆடினால் படமும் ஆடும் என்பதால் இந்த நிதானம் பெரிய லாபம்.

அதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. கருவியை இரு உருளைகளுக்கும் நடுவில் மேலாகப் பொருத்தினால், உருளைகளே இரு பக்க ஒலியையும் மறைத்துவிடும். ஆகவே அது உருளைகளின் அடிமட்டத்துக்கும் கீழே இறங்கியிருக்க வேண்டும். ஆழமில்லாத இடத்தில் தரை தட்டினால் மேலே மடங்கும்படியான கம்பம் வேண்டும். படகின் பின் முனையில் பொருத்துவதானால் விசிறியிலிருந்து குறைந்தது ஒன்றேகால் அடி தள்ளி, விசிறியின் இறக்கை கீழ்நோக்கி இறங்கும் பக்கத்தில் வைப்பார்கள். பின்னாலிருந்து பார்க்கும்போது வலஞ்சுழியாகச் சுற்றும் விசிறிக்கு அது வலப்பக்கம். கருவிக்குத் தனி பாட்டரி வைத்து, அதன் கம்பிகளை மோட்டார் கம்பிகளோடு சேர்த்துக் கட்டாமல் தனியே கொண்டு போனால் திரையில் புள்ளி மழை பெரும்பாலும் நின்றுவிடும்.

மெதுவாகப் போகத் தெரிந்த மோட்டார்

மோட்டார் என்றதும் எத்தனை குதிரைச் சக்தி என்றுதான் கேட்கிறார்கள். சோனார் படகுக்குக் கேட்க வேண்டிய கேள்வி வேறு. எவ்வளவு மெதுவாக, எவ்வளவு நேராகப் போகும் என்பதே அது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரு பக்கமும் 50 மீட்டர் தூரம் பார்ப்பதாக வைத்துக் கொண்டால், ஒலி போக வர 100 மீட்டர். ஒரு வினாடியில் 15 தடவைக்கு மேல் அனுப்ப முடியாது. படகு 4 நாட் வேகத்தில், அதாவது வினாடிக்குச் சுமார் 2 மீட்டர் போனால், ஒரு பார்வைக்கும் அடுத்த பார்வைக்கும் இடைவெளி 14 சென்டி மீட்டர். 16 நாட் வேகத்தில் அரை மீட்டருக்கும் மேல். அந்த இடைவெளியில் ஒரு சிறு பொருள் பதியாமலே போய்விடும். அதனால்தான் இந்த வேலைக்கு 3 முதல் 5 நாட் வேகம் உகந்தது என்கிறார்கள்.

ஆனால் ஹூக்ளி குளமல்ல. நீரோட்டத்தை எதிர்த்து இந்த மெதுவான வேகத்தைக் காக்க, மோட்டாரிடம் மிச்ச சக்தி இருக்க வேண்டும். நீரோட்டத்தோடு போகும்போதோ படகு சுக்கானுக்குக் கட்டுப்படாமல் மிதந்து போகும். தலை அங்குமிங்கும் ஆடும். படம் ஒரு பக்கம் நீண்டும் மறு பக்கம் சுருங்கியும் விழும். ஆகவே நீரோட்டத்தை எதிர்த்துக் கோடு போடுவது, அல்லது ஏற்றமும் வற்றமும் மாறும் இடைவேளையில் வேலை செய்வது வழக்கம்.

பான்டூன் படகில் பலர் இரண்டு மோட்டார் வைக்கிறார்கள். இடத்துக்குப் போய்ச் சேர, பின்னால் நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் மோட்டார். அதன் தண்டு நீளம் படகுக்குப் பொருந்த வேண்டும். 15, 20, 25 அங்குலம் என்று தண்டுகள் வருகின்றன. தண்டு குட்டையானால் விசிறி காற்றை இழுத்துக் குமிழி கக்கும். சோனார் ஓட்டும்போது மட்டும் உபயோகிக்க, முன்னால் சத்தமில்லாத மின் மோட்டார். படகின் மொத்த எடையில் நூற்றுக்கு 2 பங்காவது அதன் தள்ளுவிசை இருக்க வேண்டும் என்பது பழக்கத்தில் உள்ள கணக்கு. ஆட்களோடு 1,500 கிலோ எடையுள்ள படகுக்கு 30 கிலோ தள்ளுவிசை. இது நிலைத்த நீருக்குச் சொன்னது. பான்டூன் படகு காற்றில் பாய் போல இழுபடும். ஓடுகிற ஆற்றில் இந்தக் கணக்கை நம்பி இறங்கினால் படகு திரும்பி வராது. ஹூக்ளி மாதிரி நதியில் பெரிய மோட்டாரையும் தயாராக வைத்திருப்பதே உயிருக்குக் காப்பு.

கார்டன் ரீச்சில் அதே பாடம்

சின்னப் படகில் பார்த்த இந்தப் பிரச்னையே பெரிய கப்பலிலும் வருகிறது. அதற்கு உதாரணம் கொல்கத்தாவிலேயே இருக்கிறது. ஹூக்ளிக் கரையிலுள்ள கார்டன் ரீச் கப்பல் கட்டும் தளம் 1884-ல் நதி ஸ்டீமர்களைப் பழுது பார்க்கும் பட்டறையாகத் தொடங்கி, 1960-ல் மத்திய அரசின் வசம் வந்தது. கடலடியை அளப்பதற்கான 'சந்தாயக்' கப்பல் இங்கே கட்டப்பட்டு 1981-ல் கடற்படையில் சேர்ந்தது. நாற்பது வருஷங்களில் சுமார் 200 பெரிய சர்வேக்களை முடித்து 2021 ஜூனில் ஓய்வு பெற்றது.

அதே வகையில் நான்கு புதிய, பெரிய சர்வே கப்பல்களுக்கு 2018 அக்டோபரில் ஒப்பந்தமாயிற்று. அதே 'சந்தாயக்' பெயருடைய முதல் கப்பல் 2021 டிசம்பர் 5-ம் தேதி கொல்கத்தாவில் நீரில் இறக்கப்பட்டது. மற்ற மூன்று உடல்களும் கார்டன் ரீச்சுக்காகச் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் உள்ள எல் அண்டு டி தளத்தில் உருவாயின. அவற்றில் 'நிர்தேஷக்' 2022 மே மாதம் அங்கே நீரில் இறங்கியது. ஆக, ஹூக்ளிக் கரையில் தீட்டிய திட்டத்தில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களின் கையும் கலந்திருக்கிறது. 'சந்தாயக்' 2024 பிப்ரவரி 3-ம் தேதியும், 'நிர்தேஷக்' அதே வருஷம் டிசம்பர் 18-ம் தேதியும் விசாகப்பட்டினத்தில் கடற்படையில் சேர்ந்தன. 'இக்ஷக்' 2025 நவம்பர் 6-ம் தேதி கொச்சியில் சேர்ந்தது.

ஒவ்வொன்றும் 110 மீட்டர் நீளம், சுமார் 3,400 டன். இரண்டு டீசல் இஞ்சின்கள். 18 நாட் வரை வேகம். ஆனால் இவற்றின் விசேஷம் வேகத்தில் இல்லை. ஆழமில்லாத நீரில் மெல்ல ஊர்ந்து திசை தவறாமல் போவதற்காக முன்னும் பின்னும் பக்கவாட்டில் தள்ளும் விசிறிகள் வைத்திருக்கிறார்கள். பான்டூன் படகின் முன்னால் வைக்கும் மின் மோட்டாருக்கு இது பெரியண்ணன். பக்க சோனாரோடு, ஒரே சமயத்தில் பல கோடுகளில் ஆழம் அளக்கும் கருவி, தானாக நீருக்குள் நீந்தும் வாகனம், சிறு சர்வே படகுகள் எல்லாம் உண்டு. பெரிய கப்பல்கள் பக்க சோனாரைப் பெரும்பாலும் உடலில் பொருத்துவதில்லை. மீன் வடிவக் கூட்டில் வைத்து நீண்ட கம்பியில் பின்னால் இழுத்துச் செல்வார்கள். காரணம் அதேதான்: கப்பலின் சத்தத்திலிருந்து காதைத் தள்ளி வைப்பது.

இருபத்தொன்பது குடும்பங்கள்

இந்தக் கருவிகளால் துறைமுகத்துக்கு மட்டுமே பயன் என்று எண்ண வேண்டாம். 2016 ஜூலை 22-ம் தேதி தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப் படையின் ஏ.என். 32 விமானம் வங்காள விரிகுடாவின் மேல் மறைந்து போனது. அதில் 29 பேர் இருந்தார்கள். கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடியும் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. அந்தக் குடும்பங்கள் ஏழரை வருஷம் எந்தத் தடயமும் இல்லாமல் காத்திருந்தன.

சென்னையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிலையம், தானாக நீந்தும் வாகனம் ஒன்றை அந்தக் கடற்பகுதியில் இறக்கியது. பல கோடு சோனாரும், பக்க சோனாரின் முன்னேறிய வடிவமான மற்றொரு சோனாரும், காமிராவும் அதில் இருந்தன. சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோ மீட்டர் தூரத்தில், 3,400 மீட்டர் ஆழத்தில், நொறுங்கிய விமானத்தின் பாகங்கள் படத்தில் தெரிந்தன. 2024 ஜனவரி 12-ம் தேதி அரசு அதை அறிவித்தது. போனவர்கள் திரும்பவில்லை. ஆனால் எங்கே போனார்கள் என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தது. கடலிலோ ஆற்றிலோ ஒருவரைப் பறிகொடுத்துக் கரையில் நிற்கும் குடும்பத்துக்கு அந்தப் பதில் எவ்வளவு பெரியது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

காதுக்கும் எல்லை உண்டு

பக்க சோனார் எல்லாவற்றையும் காட்டிவிடாது. சேற்றுக்குள் முழுவதும் புதைந்த பொருளை அது காணாது. படகுக்கு நேர் கீழே ஒரு பட்டை தெளிவில்லாமல் விழும். அதனால் ஒவ்வொரு கோட்டையும் பக்கத்துக் கோட்டின் மேல் ஏறும்படி போடுகிறார்கள். ஏர் உழுவது போல. எங்கே என்பதைக் காட்டினாலும் எவ்வளவு ஆழம் என்பதைச் சரியாகச் சொல்லாது. அதற்கு நேர் கீழே பார்க்கும் கருவி கூடவே வேண்டும். அந்த ஆழத்திலிருந்தும் அப்போதைய ஏற்ற வற்றத்தைக் கழித்தால்தான் வரைபடத்தில் எழுதக் கூடிய எண் வரும்.

இது கணக்கர் வேலை போன்றது. படகில் ஒரு மணி நேரம் எடுத்த படத்தைக் கரையில் உட்கார்ந்து பல மணி நேரம் பார்க்க வேண்டியிருக்கும். மரக்கட்டையா, படகா என்று சந்தேகம் வந்தால் வேறு திசையிலிருந்து மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். பேரேட்டைக் குறிப்பேட்டோடு சரி பார்ப்பது மாதிரி. கூட்டல் ஒத்து வராமல் கையெழுத்துப் போடாத மனப்பழக்கம் உள்ளவர்களுக்கே இந்தத் தொழில் கைவரும்.

பிள்ளைகளை இந்தப் பக்கம் அனுப்ப நினைக்கும் குடும்பங்களுக்கு வழிகள் உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 2008-ல் ஏற்பட்ட இந்தியக் கடல்சார் பல்கலைக் கழகத்துக்குக் கொல்கத்தாவில் தாராதலாவில் ஒரு வளாகம் இருக்கிறது. கப்பல் இஞ்சின் படிப்பு அங்கே பெயர் பெற்றது. கடலடி சர்வே கற்றுத் தரும் தேசிய நிலையம் கோவாவில் உள்ளது. இந்தியாவின் கடல் வரைபடங்கள் வெளியாவது கடலே இல்லாத டேராடூனிலிருந்து. ஹால்தியாவிலிருந்து அலகாபாத் வரை 1,620 கிலோ மீட்டர் நீளமுள்ள நதிவழி 1986-ல் முதலாவது தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டது. அந்த நீர்வழியிலும் ஆழம் அளக்கும் வேலை ஓய்வதில்லை.

ஆற்று வரைபடத்தின் ஓரத்தில் சர்வே எடுத்த தேதி அச்சாகியிருக்கும். ஹூக்ளியில் கப்பல் ஓட்டும் பைலட் முதலில் பார்ப்பது அந்தத் தேதியைத்தான். அது பழையதாக இருந்தால், எவ்வளவு அழகாக வரைந்த படமானாலும் அவர் அதை நம்பிக் கப்பலைச் செலுத்த மாட்டார். சர்வே படகு மறுபடியும் கிளம்பியாக வேண்டும்.